10-க்கு 12 அடி அறையில் மிக்ஸிங்: 8 இஞ்ச் மானிட்டரா, 5 இஞ்சோடு சப்வூஃபரா?

மாடியறை

வணக்கம். திருநெல்வேலி பக்கம். வீட்டு மாடியில் ஓர் அறையை மிக்ஸிங்குக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குப் பாட்டு, வில்லுப்பாட்டுப் பதிவு, நாட்டுப்புறக் குழுக்களின் யூடியூப் பாட்டு, இவைதான் வேலை. உருமி, தவில், பம்பை, நையாண்டி மேள நாதஸ்வரம் எல்லாம் ஒரே பாட்டில் வரும், அதுக்கு அடியில் கீபோர்டு பேஸும் கிக் டிரமும் இருக்கும். இதுவரை ஹெட்ஃபோனில்தான் எல்லாம். கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் கொடை வீட்டில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய பாக்ஸில் போட்டால் உருமியின் இழுப்பும் பேஸும் ஒன்றோடொன்று மோதி வரிகளே கேட்பதில்லை.

அறை 10 அடி அகலம், 12 அடி நீளம், உயரமும் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. பின்சுவரில் ஒரு பரண், அதன் கீழே இரும்பு பீரோ. கையில் 45 ஆயிரம். 8 இஞ்ச் மானிட்டர் (மிக்ஸிங்குக்கான ஸ்பீக்கர்) ஒரு ஜோடி வாங்கி முடித்துவிடலாமா, இல்லை 5 இஞ்ச் வாங்கிப் பிறகு சப்வூஃபர் (அடி ஒலிக்கு மட்டுமான தனிப் பெட்டி) சேர்க்கலாமா? இரண்டு பக்கமும் ஆள் சொல்கிறார்கள், காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை_லோஎண்ட்

தம்பி, மானிட்டரை விட்டுவிட்டு முதலில் அறையைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் கொடுத்த மூன்று அளவிலேயே பாதி பதில் இருக்கிறது.

12 அடி என்றால் 3.66 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி நின்று ஆடும் முதல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் வேகம் வினாடிக்கு 345 மீட்டர் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், 47 ஹெர்ட்ஸ் வரும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ் சுற்றி. உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றே, ஆகவே 57-இல் இரண்டு மோட் (இப்படி நின்று ஆடும் அலை) ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது. பேஸ் கிதாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், அதுக்குப் பக்கத்திலேயே இந்தக் குழப்பம். கிக்கின் அடியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், நம் வீடுகள் பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவில் ஜிப்சம் பலகைச் சுவர் வைத்த அறைக்குச் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சுவர் பேஸுக்கு வளைந்துகொடுக்கும், கொஞ்சம் வெளியே விட்டுவிடும், கொஞ்சம் தானே விழுங்கும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பேஸை உள்ளேயே திருப்பி அடிக்கும். அதனால் நமக்கு மோட்கள் இன்னும் கூர்மையாக, இன்னும் நீளமாக இழுக்கும்.

இப்போது 8-ஆ 5-ஆ என்ற கேள்விக்கு வருகிறேன். சின்ன அறையில் 8 இஞ்ச் வைக்கவே கூடாது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது பேஸை அதிகமாகக் கொட்டாது, இன்னும் கீழே வரை போகும், அவ்வளவுதான். பிரச்சினை வேறு. மானிட்டர் வைக்க வேண்டிய இடத்தை ஸ்டீரியோ தீர்மானிக்கிறது. இரண்டு மானிட்டரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக, ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில், இடம் வலம் சமமாக இருந்தாக வேண்டும். அந்த இடம் பேஸுக்கு நல்ல இடமாக இருப்பது அபூர்வம். 8 இஞ்ச் வாங்கினால் பேஸும் அந்த இடத்தில் இருந்துதான் வரும், நகர்த்தவே முடியாது. சப் தனியாக இருந்தால் பேஸ் கிளம்பும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எனக்கு 5 இஞ்ச் + பிறகு சப் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் சப் இன்றே வேண்டாம். முதலில் மானிட்டர், ஓர் அளவீட்டு மைக், கொஞ்சம் ராக்வூல் (ஒலியை விழுங்கும் கல் இழைப் பலகை).

பேஸ்பைத்தியம்

கோவை அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி, கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

மாடியறை செய்வது கொடைப் பாட்டு. கேட்கிற இடம் பெரிய பாக்ஸ், 18 இஞ்ச் டிரைவர். அங்கே 40 ஹெர்ட்ஸ் முழு பலத்தோடு வரும். இங்கே உட்கார்ந்து மிக்ஸ் பண்ணுகிறவர் அதைக் கேட்காமலே அனுப்புகிறார். ஸ்பெக் ஷீட்டைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்: யமஹா எச்எஸ்5-க்கு 54 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், அது 10 டெசிபெல் விழுந்த இடம். 3 டெசிபெல் விழும் இடம் 74 ஹெர்ட்ஸ். அதாவது 55-இல் இருக்கும் பேஸ் நோட் உங்களுக்கு உண்மையைவிட ஏறக்குறைய 10 டெசிபெல் குறைவாகக் கேட்கும். பேஸ் போதவில்லை என்று தோன்றும், ஏற்றுவீர்கள், கொடை வீட்டில் அது திரும்பி வந்து அடிக்கும். எச்எஸ்8-க்கு அதே 3 டெசிபெல் புள்ளி 47 ஹெர்ட்ஸ்.

அதனால் 5 இஞ்ச் மட்டும் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் வேலை செய்வது உங்கள் வகை இசைக்குச் சரிவராது. சப் சீக்கிரம் வந்தாக வேண்டும். பட்ஜெட் பத்தாது என்றால் மானிட்டரை இன்னும் சின்னதாக எடுத்து சப்போடு தொடங்கலாம் என்பேன்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரே சத்த அளவில் ஒரு ஆக்டேவ் (அதிர்வெண்ணில் பாதி) கீழே போனால் வூஃபர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 80-க்குக் கீழே இருப்பதைச் சப்பிடம் கொடுத்துவிட்டால் 5 இஞ்ச் கோனுக்கு அந்தப் பாரமே இல்லை. மிட் (நடு அதிர்வெண்கள்) தெளிவாகும், அதே மானிட்டர் இன்னும் சத்தமாக, இன்னும் சுத்தமாகப் பாடும். உருமி உரசலின் கரகரப்பும் குரலும் மிட்டில்தானே இருக்கிறது.

கோவை_லோஎண்ட்

ஸ்பெக் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி 10 டெசிபெல் கணக்கில் போடும், இன்னொன்று 6 கணக்கில், இன்னொன்று 3. ஜெனலெக் 8020டி 56 ஹெர்ட்ஸ் என்பது 6 டெசிபெல் புள்ளி. எச்எஸ்5-இன் 54-ஐயும் இந்த 56-ஐயும் பக்கத்தில் வைத்து எச்எஸ்5 கீழே போகிறது என்று முடிவு கட்டினால் அது தப்பு. 8020-இல் இருப்பது 4 இஞ்ச் வூஃபர்தான்.

ஆனால் மானிட்டரைக் குறைத்துச் சப் வாங்கு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் நாள் முழுக்கக் கேட்பது 100-க்கு மேலே இருப்பதைத்தான். பெரும்பாலான 3 இஞ்ச் மானிட்டர்கள் 80-இல் சப்போடு சேர முடியாது, கிராஸ்ஓவரை (சப்பும் மானிட்டரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்ணை) 100, 120 என்று ஏற்ற வேண்டிவரும். அங்கே போனால் சப் எந்தத் திசையில் இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

தனிக்காது

ஏன் ஹெட்ஃபோனையே விடச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. சீலிங் ஃபேன் ஓடாமல் மே மாதம் யார் மிக்ஸ் பண்ணுவது? ஃபேன் சத்தத்துக்கு நடுவே மானிட்டரில் ரிவெர்ப் (எதிரொலிப்பு) வால் எங்கே முடிகிறது என்று கேட்கவே முடியாது. மூடிய ஹெட்ஃபோன், சோனி 7506 மாதிரி ஒன்று, 60-க்குக் கீழே அறையின் தலையீடே இல்லாமல் காட்டும். நீங்கள் 57-இல் குழப்பம் என்று சொல்கிற அதே அறையில் ஹெட்ஃபோனுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கோவை_லோஎண்ட்

விடச் சொல்லவில்லை சகோ. பேஸ் நோட்களில் எது தூக்குகிறது எது விழுகிறது என்று பார்க்க ஹெட்ஃபோன்தான் மலிவான வழி, ஒவ்வொரு மிக்ஸிலும் அதில் ஒருமுறை கேட்க வேண்டும். ஆனால் பேஸ் மொத்தமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஹெட்ஃபோனில் நிதானிப்பது கடினம், உடம்பில் அடிக்காத பேஸை மனசு கூட்டச் சொல்லும். அப்புறம் இடவலப் பரப்பும் குரலின் சத்த அளவும் ஸ்பீக்கரில்தான் தெரியும்.

ராக்வூல்காரன்

45 ஆயிரத்தில் பத்தாயிரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

50 மில்லிமீட்டர் ராக்வூல் பலகை, கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி. தொழிற்சாலை இன்சுலேஷன் விற்கும் கடைகளில் கட்டாகக் கிடைக்கும், இசைக் கடையில் தேட வேண்டாம். இரண்டு பலகையை அடுக்கி 4 இஞ்ச் ஆக்கி, தச்சரிடம் ரீப்பர் கட்டையில் சட்டம் செய்து, காற்றுப் போகும் பருத்தித் துணி சுற்றி மூடினால் ஒரு பேனல். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று அந்தப்பக்கம் வர வேண்டும், ரெக்சின் போட்டால் மேல் அதிர்வெண்கள் அப்படியே திரும்பிவிடும். வெட்டும்போது கையுறையும் முகக் கவசமும் கட்டாயம், தூள் தோலில் ஏறும்.

உட்கார்ந்திருக்கும்போது இடப்பக்கச் சுவரில் யாரையாவது கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள், மானிட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒன்று. வலப்பக்கம் அதே மாதிரி. மானிட்டருக்குப் பின்னால் இரண்டு. மீதியெல்லாம் மூலைகளுக்கு, தரையிலிருந்து மேல்வரை, சுவரோடு ஒட்டாமல் குறுக்காக.

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். பேஸுக்கு எதுவும் செய்யாது, தீப்பிடித்தால் நிற்காது. ஒரு இஞ்ச் ஃபோமும் அப்படித்தான், மேலே உள்ளதை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும், பேஸ் அப்படியே முழங்கும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதை மூலையில் நிறுத்தி வையுங்கள், ஒரு இஞ்ச் ஃபோமைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் 4 இஞ்ச் ராக்வூல் 57 ஹெர்ட்ஸை அடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அலையின் நீளம் 6 மீட்டர். பேனல் நன்றாக வேலை செய்வது 100-க்கு மேலே, மூலையில் தடிமனாகப் போட்டால் இன்னும் கொஞ்சம் கீழே. அதுக்குக் கீழே நாற்காலி இடமும் சப் இடமும்தான் கை கொடுக்கும்.

மாடியறை

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணா சொன்ன 57-ஐச் சோதிக்க, நண்பரின் 8 இஞ்ச் மானிட்டரை ஒரு நாளைக்கு வாங்கி வந்து 57 ஹெர்ட்ஸ் டோன் போட்டுப் பார்த்தேன். குழப்பமாக இருக்கிறது. அறை முழங்கும் என்று எதிர்பார்த்தால் நாற்காலியில் உட்காரும்போது டோன் காணாமலே போகிறது. எழுந்து பக்கச் சுவர் ஓரம் போனால் காதை அடைக்கிறது. மேசை 10 அடிச் சுவரைப் பார்த்து, நடுவில். 94 ஹெர்ட்ஸில் நேர்மாறு, நாற்காலியில்தான் பெரிய சத்தம்.

கோவை_லோஎண்ட்

அருமை, ஒரு டோனில் இத்தனை தெரிந்துகொண்டீர்கள். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

அண்டாவில் தண்ணீரை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஓரங்களில் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. அகல மோட் அதே மாதிரி. பக்கச் சுவர்களில் அழுத்தம் உச்சம், நடுக்கோட்டில் ஏறக்குறைய பூஜ்யம். ஸ்டீரியோவுக்காக நாம் எல்லோரும் உட்காருவது அந்த நடுக்கோட்டில்தான். போதாக்குறைக்கு இடம் வலம் இரண்டு மானிட்டரும் ஒரே பேஸைச் சமமாகத் தள்ளும்போது அந்த மோட்டை ஒன்றுக்கொன்று பெருமளவு ரத்து செய்கின்றன. உயர மோட்டும் 57 என்றேன் இல்லையா, உட்கார்ந்தால் காது 1.2 மீட்டர் உயரத்தில், அதாவது பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, அங்கேயும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உங்கள் நாற்காலி 57-க்குக் குழி.

94 என்பது நீள மோட்டின் இரண்டாவது. முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில் உட்கார் என்று பொதுவாகச் சொல்வார்கள், நீங்களும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் போல. அங்கே 47 ஓரளவு அடங்கும், ஆனால் 94 நன்றாகத் தூக்கும்.

ஹெட்ஃபோனை விட்டு மானிட்டருக்கு வந்தாலும் இந்த நாற்காலியில் 57-ஐ ஏற்றுவீர்கள், 94-ஐ இறக்குவீர்கள். கொடை வீட்டில் இரண்டும் தலைகீழாகக் கேட்கும். 8 இஞ்ச் வாங்கினாலும் இதுவே நடக்கும், நீங்கள் இப்போது கேட்டதே 8 இஞ்ச்தானே.

இப்போது சப் எதற்கு என்று பாருங்கள். காது உயரத்தில் இருக்கும் மானிட்டர் உயர மோட்டைப் பலவீனமாகத்தான் தள்ளும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு. தரையில் இருக்கும் சப் அதை முழுமையாகத் தள்ளும். அதே நாற்காலியில் உயர மோட் வழியாக 57 ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் வந்து சேரும். குழி முழுசாக நிரம்பாது, ஆனால் காணாமல் போவதற்கும் கொஞ்சம் குறைவாகக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பேஸ்பைத்தியம் சொன்னதுபோல உங்கள் அறைக்குச் சப் சீக்கிரம் வருவது நல்லதுதான், இந்தச் சோதனைக்குப் பிறகு அவர் பக்கம் சாய்கிறேன்.

94-க்கு மேசையை ஒரு அடி முன்னால் பின்னால் நகர்த்திப் பார்த்துவிட்டு, மிச்சத்தை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதி) வெட்டுங்கள். மேட்டை வெட்டலாம். குழியை ஈக்யூவில் நிரப்ப முயன்றால் ஆம்ப்தான் திணறும், குழி அப்படியே இருக்கும்.

யாழ்ஒலி

வணக்கம் அண்ணை மாரே, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் தவில் நாதஸ்வரப் பதிவுதான் அதிகம், அதால் இரண்டு விசயம் சொல்ல வேண்டும்.

ஒன்று நாதஸ்வரம். பக்கத்தில் மைக் வைத்த நாதஸ்வரம் 1-இல் இருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை குத்தும். அந்த இடத்தில் மானிட்டரே கொஞ்சம் தூக்கினால் பயந்து பயந்து வெட்டுவோம், பிறகு கோயில் வீதியில் போட்டால் வாத்தியம் உயிர் இல்லாமல் கிடக்கும். எனவே பேஸ் எண்ணிக்கை மட்டும் பார்க்காமல், கடைக்குத் தெரிந்த நாதஸ்வரப் பதிவு ஒன்றைக் கொண்டுபோய், மானிட்டர்களை ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருக்கிறதுதான் நல்லதாகப் படும், காது அப்படி ஏமாறும்.

இரண்டாவது மின்சாரம். சப் வந்த பிறகு பலருக்கு ஹம் புதிதாகக் கேட்கத் தொடங்கும். அது முன்னமே இருந்ததுதான், 50 ஹெர்ட்ஸை 5 இஞ்ச் காட்டவில்லை, சப் காட்டுகிறது. இன்டர்ஃபேஸ் (கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் ஒலிப் பெட்டி), மானிட்டர், சப், லேப்டாப் சார்ஜர் எல்லாம் ஒரே சுவர் சாக்கெட்டில் இருந்து வரட்டும், கேபிள் எல்லாம் பேலன்ஸ்டு (வெளி இரைச்சலை ரத்து செய்யும் வகை), டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் முனையோடு. ஹம் போகிறது என்று எர்த் பின்னை மட்டும் கழற்ற வேண்டாம், உயிருக்கு ஆபத்து. கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் இரைச்சல் கேட்கும், சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை குறைவு.

பேஸ்பைத்தியம்

யாழ்ஒலி அண்ணன் சொன்ன ஹம் விஷயம் தங்கம்.

மானிட்டர் பெயர்களுக்கு வருவோம், கேட்டவருக்கு அதுவும் வேண்டும். இந்த விலையில் சுற்றிச் சுற்றி வருவது யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, ஆடம் டி5வி, கேஆர்கே ராக்கிட் 5, கொஞ்சம் ஏறினால் காலி எல்பி-6. எச்எஸ்5 மிட்டை முன்னால் நிறுத்தும், பழைய என்எஸ்-10-இன் வெள்ளைக் கோன் ஞாபகம் வரும் ஆனால் இது அது இல்லை, என்எஸ்-10 மூடிய பெட்டி, ஆம்ப் இல்லாதது, 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து 2001-இல் நின்றுபோனது. 305பி-யின் வேவ்கைட் (ட்வீட்டரைச் சுற்றியுள்ள குழிவு) காரணமாக தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் இடவலப் பரப்பு மாறாது, மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து மிக்ஸ் கேட்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். டி5வி-யில் ட்வீட்டர் ரிப்பன் வகை, மேலே விரிவாகக் காட்டும். எல்பி-6-இல் 6.5 இஞ்ச் வூஃபர், போர்ட் (பேஸுக்கான காற்றுத் துளை) முன்னால், பின்பக்கம் சின்ன சுவிட்சுகள் வைத்து சுவர் ஓரமா மேசை மேலா ஸ்டாண்டா என்று அமைக்கலாம். இடமில்லாத சின்ன மேசைக்கு ஐலவுட் மைக்ரோ மானிட்டர், 3 இஞ்ச்தான், அளவுக்கு மீறிக் கீழே போகும், ஆனால் சத்தம் கூட்டினால் மூச்சு வாங்கும்.

நாதஸ்வரமும் உருமியும் செய்கிறவருக்கு என் ஓட்டு 305பி அல்லது எல்பி-6.

கோவை_லோஎண்ட்

எல்பி-6 எடுத்தால் கையில் ராக்வூலுக்குக் காசு நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பட்டியல் நியாயமானது.

போர்ட் முன்னாலா பின்னாலா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பின்பக்க போர்ட் என்றால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். அதைவிட முக்கியம் மானிட்டரின் முன்முகத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள தூரம். பேஸ் பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேர் ஒலியோடு மோதும். முன்முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸில் பள்ளம், அதை எந்தப் பேனலும் சரிசெய்யாது. 37 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் 233 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதைப் பின்னால் வைக்கும் 4 இஞ்ச் ராக்வூல் பார்த்துக்கொள்ளும். ஆகவே சின்ன அறையில் மானிட்டரைச் சுவரை ஒட்டித் தள்ளுங்கள், கூடும் பேஸை பின்பக்கச் சுவிட்சில் சில டெசிபெல் குறைத்துவிடுங்கள். எச்எஸ்5-இல் ரூம் கன்ட்ரோல் என்று இருப்பது அதற்குத்தான், 305பி-யில் பவுண்டரி ஈக்யூ.

மாடியறை

சப் எந்த மாதிரி, எப்படி வைப்பது? சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, தச்சர் பெட்டியில் அசெம்பிள் செய்த ஹோம் தியேட்டர் சப் ஒன்று உறவினர் வீட்டில் சும்மா இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

பேஸ்பைத்தியம்

மிக்ஸிங்குக்கு வேண்டாம். அந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடதடவென்று அடிக்கத்தான் போர்ட் வைத்துக் கட்டியிருப்பார்கள். எந்த நோட் வாசித்தாலும் ஒரே நோட் கேட்கும், உருமி இழுப்பு மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியாது. அதைவிட, மானிட்டருக்கான வெளியீடு அதில் இருக்காது. ஸ்டுடியோ சப்பில் இடம் வலம் உள்ளீடு வரும், 80-க்குக் கீழே உள்ளதைத் தானே எடுத்துக்கொண்டு மீதியை மானிட்டருக்கு அனுப்பும். எச்எஸ்8எஸ் என்றால் 8 இஞ்ச், 150 வாட், 22 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறார்கள் (மறுபடியும் 10 டெசிபெல் கணக்கு), வெட்டும் இடத்தை 80-இலிருந்து 120 வரை மாற்றலாம், ஃபேஸ் சுவிட்ச் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) உண்டு. ஜேபிஎல் 310எஸ், ஆடம் டி10எஸ் இரண்டும் 10 இஞ்ச். ஒரு சப்பின் விலை ஏறக்குறைய ஒரு ஜோடி மானிட்டர் விலைக்கு வரும், அதுக்குத் தயாராக இருங்கள்.

வைக்கும் முறை இது, அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள். சப்பை நாற்காலியிலேயே, முடிந்தால் காது உயரத்தில் தூக்கி வையுங்கள். பேஸ் நோட்கள் படிப்படியாக ஏறும் ஒரு பதிவை ஓடவிட்டு, நீங்கள் முன்சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். எல்லா நோட்டும் சமமாகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே சப். ஒலி போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றே என்பதால் இது வேலை செய்கிறது. நேர் மூலை பெரும்பாலும் மோசமான இடம், எல்லா மோட்டையும் உச்சத்தில் தள்ளும்.

பிறகு கிராஸ்ஓவர் 80. மானிட்டரும் சப்பும் ஒன்றாக ஓட, 80 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றி எதில் சத்தம் அதிகம் என்று நாற்காலியில் இருந்து கேளுங்கள், அதிகமாக இருப்பதே சரியான நிலை. குறைந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். சப் சத்தம் கடைசியில். சப் இருப்பதே தெரியாமல் இருந்து, அணைத்தால் மட்டும் அடி போய்விட்டது என்று தோன்ற வேண்டும்.

கோவை_லோஎண்ட்

காதால் தொடங்குங்கள், மைக்கால் முடியுங்கள். மினிடிஎஸ்பி யூமிக்-1 போல யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று, ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள். மைக்கின் சீரியல் எண்ணுக்குரிய திருத்தக் கோப்பைத் தவறாமல் ஏற்றுங்கள். 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை எந்த ஸ்மூத்திங்கும் இல்லாமல் பாருங்கள், ஸ்மூத்திங் போட்டால் குழிகள் மறைந்து கோடு அழகாகிவிடும், அதில் பயன் இல்லை. வரைபடம் சமமாக வந்த பிறகும் வாட்டர்ஃபால் படத்தைத் திறந்து எந்த அதிர்வெண் அணையாமல் இழுக்கிறது என்று பாருங்கள். செங்கல் அறைகளில் அதுதான் உண்மையான தலைவலி. கிக் முடிந்தும் 47 பாடிக்கொண்டே இருந்தால் அடுத்த அடியின் தெளிவு போய்விடும்.

இரண்டு சப் போட்டால் இன்னும் சமமாகும், பக்கச் சுவர்களின் நடுவில் ஒன்றுக்கொன்று எதிராக. உங்கள் பட்ஜெட்டில் இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

தனிக்காது

கேட்கிறவர்களில் பாதிப்பேர் போனில்தான் கேட்பார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள். போன் ஸ்பீக்கர் 200-க்குக் கீழே ஒன்றும் காட்டாது. 45 ஹெர்ட்ஸ் சுத்த சைன் பேஸ் போட்டால் யூடியூபில் பேஸே இருக்காது. கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான சிதைவு) போட்டால் 90, 135, 180, 225, 270 என்று மேல் ஒலிகள் பிறக்கும், அவற்றில் 200-க்கு மேலே உள்ளவற்றைக் கேட்டு மூளை அடி நோட்டைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

பேஸ்பைத்தியம்

சரியான பேச்சு. சப் வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சப்பில் அந்தச் சுத்த சைன் அவ்வளவு இனிமையாக இருக்கும், மேலே ஒன்றும் இல்லை என்பதே தோன்றாது. சப்பை அணைத்து ஒருமுறை, போனில் ஒருமுறை.

ராக்வூல்காரன்

அந்த இரும்பு பீரோவை மறந்துவிட்டோம். 30-இலிருந்து 150 வரை மெதுவான ஸ்வீப் (ஏறிக்கொண்டே போகும் டோன்) ஓடவிட்டு அறையில் நடந்து பாருங்கள். பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, பரண் மேல் பாத்திரம், ட்யூப்லைட் பட்டி, எது எந்த நோட்டில் நடுங்குகிறது என்று தெரியும். பீரோவை வேறு அறைக்கு மாற்றுவதே நல்லது, முடியாவிட்டால் கதவு விளிம்பில் ஃபெல்ட் ஒட்டித் துணி நிரப்பி வையுங்கள். மிக்ஸில் விரிசல் இருக்கிறது என்று பீரோவின் சத்தத்தைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கீழ் வீட்டையும் யோசியுங்கள். சப்புக்கு அடியில் ரப்பர் மேட் போட்டால் தளத்துக்கு நேராகப் போகும் அதிர்வு குறையும், காற்று வழியாகப் போகும் பேஸை அது தடுக்காது. நாற்காலியில் 75 டெசிபெல் சுற்றி வைத்து வேலை செய்தால் காதும் தாங்கும், கீழே இருப்பவர்களும் தாங்குவார்கள். எப்போதும் அதே அளவில் வேலை செய்வது நல்லது, சத்தம் கூடக் கூடப் பேஸ் அதிகமாகக் கேட்பது காதின் இயல்பு, அளவு மாறினால் முடிவும் மாறும்.

மாடியறை

முடிவு: இப்போது 305பி ஜோடி, யூமிக்-1, ஆறு ராக்வூல் பேனல். பீரோ பக்கத்து அறைக்குப் போகிறது, வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். கொடை சீசன் வருமானம் வந்ததும் சப். அதுவரை 60-க்குக் கீழே ஹெட்ஃபோனில் பார்த்துக்கொள்கிறேன். சப் வாங்கும்போது 310எஸ்-ஆ எச்எஸ்8எஸ்-ஆ, மானிட்டர் கம்பெனியும் சப் கம்பெனியும் ஒன்றாக இருந்தாக வேண்டுமா?

கோவை_லோஎண்ட்

அவசியம் இல்லை. 80-க்குக் கீழே பிராண்டின் குரல் என்று ஒன்று பெரிதாக இல்லை. பேலன்ஸ்டு உள்ளீடும் வெளியீடும், மானிட்டருக்குப் போகும் சிக்னலில் ஹை பாஸ் (அடி ஒலியை வெட்டுவது), ஃபேஸ் மாற்றும் வசதி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலால் அழுத்திச் சப்பைத் துண்டிக்கும் ஃபுட்சுவிட்ச் வசதி இருந்தால் இன்னும் நல்லது, துண்டிக்கும்போது மானிட்டருக்கு முழு சிக்னல் திரும்பிப் போகிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். ஆட்டோ ஸ்டாண்ட்பை இருந்தால் அதை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள், வில்லுப்பாட்டில் கதை பேசும் இடத்தில் சப் தூங்கிவிட்டு உடுக்கு தொடங்கும்போது அரை நொடி தாமதமாக எழும்பும்.